லட்சணத்துக்கு எதுக்கு ‘தான்’?

நடுவர் அவர்களே, நிறத்துக்காக வாதாடிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பரே, அவையோரே!

‘அழகு இருப்பது நிறத்திலா, லட்சணத்திலா?’ லட்சணத்தில்தான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு ஊர் படாளம். செங்கல்பட்டைத் தாண்டி, மதுராந்தகத்துக்கு முன்னால. சர்க்கரை ஆலை இருக்கிற ஊர். ஆலையில வெள்ளையாக்கின பிறகுதான் அதுக்குச் சர்க்கரைன்னு பேரு. ஆனா இனிப்பு? அது கரும்புலயே இருந்ததுங்க! (கைதட்டல்)

என் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். கேசரி, பஜ்ஜி எல்லாம் சாப்பிட்ட பிறகு ஒரு அம்மா சொன்னார்: “பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. நிறந்தான் கொஞ்சம் மட்டு.” அன்னையிலேர்ந்து அக்கா கண்ணாடி முன்னால நிற்கிறதையே விட்டுட்டா. எங்க ஆயா கேட்டாங்க: “லட்சணம்னு சொன்ன வாயி, நடுவுல எதுக்குடா ‘தான்’ போடுது?”

அந்தத் ‘தானை’த் தேடித்தான் அகராதியைப் புரட்டினேன். வடமொழியில் லக்ஷணம் என்றால் குறி, அடையாளம். ஒரு பொருளை இன்னதென்று காட்டுவது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் ‘இலக்கணம்’ என்ற சொல்லையும் அதிலிருந்தே காட்டுகிறது. இல்லை, ‘இலக்கு’ என்ற தமிழ்ச் சொல்லில் பிறந்தது இலக்கணம் என்பாரும் உண்டு. அந்த வழக்கு வேறொரு பட்டிமன்றத்துக்கு! ஆனா ரெண்டு தரப்புமே நிறம்னு சொல்லலையே!

கோபம் வந்தா, ‘உன் லட்சணம் தெரியாதா?’ன்னு கேட்கிறோம். நிறத்தையா கேட்கிறோம்? நடத்தையை!

எங்க ஊருக்குக் கிழக்கே, கடற்கரையில் மாமல்லபுரம். 1984-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற இடம். சிற்பிகளுக்கும் லட்சணம் உண்டு. முகத்தின் நீளம் ஒரு தாலம். தாலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். உடம்பு எத்தனை தாலம், மூக்கு எத்தனை அங்குலம் என்று கணக்கு. அந்த அளவுகோலில் நிறத்துக்குக் கோடே கிடையாது! கல்லைப் பார்க்க உலகமே வருது. எங்க அக்காவைப் பார்க்க வந்தவங்க மட்டும் நிறத்தைப் பார்த்துட்டுப் போனாங்க.

அக்காவுக்குக் கல்யாணம் வேறிடத்தில் நடந்தது. பிள்ளைக்குப் பெண் பார்க்க இப்போது அவளே போனாள். மாநிறப் பெண். திரும்பி வந்தவளிடம், “எப்படிக்கா இருக்கு பொண்ணு?” என்றேன். “லட்சணமா இருக்காடா” என்றாள். அவ்வளவுதான். நடுவில் ‘தான்’ இல்லை! (கைதட்டல்)

அந்தத் ‘தான்’ ஒவ்வொரு வீட்டிலும் ஒழியுமாறு நடுவர் அவர்கள் நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.