மழைக்கு முன் நிறையட்டும் மனைக் களஞ்சியம்

(தாம்பரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர்களும் மகளிர் குழுவினரும் கூடிய கூட்டத்தில், வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை.)



ஏரி, சாலை, பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பற்றிப் பேசவே நாம் வழக்கமாக இங்குக் கூடுகிறோம். இன்று அடுப்பங்கரையைப் பற்றிப் பேச விழைகிறோம். அடுப்பங்கரைக்கும் ஊராட்சிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தை மறவாதவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள்.

அவ்வாண்டு டிசம்பர் 2-ஆம் நாள் காலை எட்டரை மணியோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரி நீரையெல்லாம் திரட்டிக்கொண்டு அடையாறு கரை புரண்டது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருக்களில் படகுகள் சென்றன. மின்சாரம் நின்றது, கடைகள் அடைபட்டன, பால் வண்டி வரவில்லை. உதவி வந்து சேரும் வரையில், மாடியில் ஏறியிருந்த குடும்பங்கள் கையிலிருந்ததைக் கொண்டே பசியாற வேண்டியிருந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூர், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் முதலிய இடங்களில் மக்கள் அதே துன்பத்தை மீண்டும் கண்டனர்.

2015-இல் எம் இல்லத்தில் நேர்ந்ததை ஒளிக்காமல் கூறுகிறோம். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரத்திற்கு வேண்டிய மாவு, குழம்பு, வேகவைத்த பருப்பு யாவும் இருந்தன. அரிசி மூட்டை சமையலறைத் தரையில் இருந்தது. முதல் நாள் இரவு மின்சாரம் போயிற்று, மூட்டை நனைந்தது, மறுநாள் மாலைக்குள் பெட்டியிலிருந்து நாற்றம் எழுந்தது. வீடு நிறைய உணவிருந்தும் உண்ணத்தக்கது ஒன்றுமில்லை. அண்டை வீட்டு மூதாட்டியார் தம் பரணிலிருந்து ஒரு தகர டப்பா அவலும் சிறிது வெல்லமும் எடுத்துத் தந்தார். பிறருக்கு யோசனை கூறும் உத்தியோகத்திலுள்ள எமக்கு அந்த அவல் நல்ல பாடமாயிற்று.

அப்பாடம் இதுதான்: மனையில் இருவகைச் சேமிப்பு வேண்டும். ஒன்று மின்சாரத்தை நம்பியது; மற்றொன்று வெயிலை நம்பியது. முன்னது அன்றாட வாழ்வுக்கு. பின்னது ஆபத்து நாளுக்கு.

பிரீஸரின் பயனும் எல்லையும்

விடியலில் நடவுக்குச் செல்லும் தாய்மார்களுக்கும், தாம்பரத்தில் மின்சார ரயிலைப் பிடித்து வேலைக்குச் செல்லும் பெண்களுக்கும், ஒரு நாள் சமைத்துப் பல நாள் வைத்துக்கொள்ளும் வசதி பெரிய உதவியே. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை, உறங்க வைக்கிறது. வெப்பம் திரும்பியதும் அவை விழித்துக்கொள்ளும். 5 டிகிரிக்கும் 60 டிகிரி சென்டிகிரேடுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் அவை விரைந்து பெருகும்.

ஆகவே, சமைத்த உணவை இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியே வைத்தல் ஆகாது. சோற்றில் இது மிகவும் கவனிக்கத்தக்கது. கொதித்தும் சாகாத கிருமி வித்துக்கள் அரிசியில் உண்டு. வெதுவெதுப்பான சோற்றில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். மீண்டும் சுட வைத்தாலும் அந்நஞ்சு அழியாது. பெரிய பாத்திரத்தை அப்படியே உள்ளே வைத்தால் நடுப்பகுதி நெடுநேரம் சூடாகவே இருக்கும். உணவை அகன்ற தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு வேளைக்கு ஒன்றாகத் தட்டையான சிறு பாத்திரங்களில் பிரித்து, தேதி எழுதி வைத்தல் நலம். முன் வைத்ததை முன் எடுக்க வேண்டும். கீழறை 4 டிகிரிக்கு மிகாமலும், பிரீஸர் பூச்சியத்திற்குக் கீழே 18 டிகிரியிலும் இருத்தல் வேண்டும்.

வேகவைத்த கொண்டைக்கடலை, காராமணி, பருப்பு, துருவிய தேங்காய், அரைத்த மசாலா, இட்டிலி ஆகியவை பிரீஸருக்கு ஏற்றவை. உருளைக்கிழங்கு பதம் கெடும். தயிர் திரிந்து நீர் பிரியும். உறைந்ததைக் கீழறையில் வைத்து இளகச் செய்து, நன்கு கொதிக்கவிட்டு உண்ண வேண்டும்.

மின்சாரம் நின்றால் என்ன செய்வது? கதவைத் திறவாதிருப்பதே முதற் கடமை. திறக்காத கீழறை சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும். நிறைந்த பெரிய பிரீஸர் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும். வீட்டுப் பெட்டியின் மேலுள்ள சிறிய அறை இதனினும் குறைவாகவே தாங்கும். காலியிடத்தில் தண்ணீர்ப் புட்டிகளை வாய் வரை நிரப்பாமல் வைத்து உறையச் செய்தால் குளிர்ச்சி நீடிக்கும். ஒரு கிண்ணத்து நீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்துவிடுங்கள். வெளியூர் சென்று திரும்பும்போது நாணயம் அடியில் கிடந்தால், இடையில் பனி உருகியது என்று அறிந்து அவ்வுணவை எறிந்துவிடலாம்.

1842-இல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டது. அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி கப்பலேறி வந்து அங்கே இறங்கிற்று. அன்று கப்பல் தாமதித்தால் குளிர்ச்சி இல்லை; இன்று கம்பி அறுந்தால் குளிர்ச்சி இல்லை. அதனாற்றான் இரண்டாவது சேமிப்பு வேண்டும் என்கிறோம்.

வெயில் தரும் சேமிப்பு

குதிர், பத்தாயம், பரண், உறி என நம் முன்னோர் வகுத்தவை யாவும் மின்சாரம் வேண்டாதவை. சித்திரை, வைகாசி வெயிலில் நெல்லைக் காயவைத்து ஈரப்பதத்தை 14 சதவீதத்திற்குக் கீழே கொணர்ந்தால் பூஞ்சணம் அணுகாது. பல்லிடைக் கடித்தால் நறுக்கென்று ஒடிய வேண்டும் என்பதே உழவர் அறிந்த அளவுகோல். காய்ந்த தானியத்தைச் சூட்டோடு கொட்டி மூடினால் உள்ளே வியர்த்து ஈரம் கட்டும். ஆறிய பிறகே நிரப்புக. பழையதோடு புதியதைக் கலவாதீர்கள். மூட்டைகளைப் பலகை மேல், சுவரை விட்டு விலக்கி அடுக்குக. உலர்ந்த வேப்பிலையும் நொச்சி இலையும் இடுவது நல்ல வழக்கம். துவரைக்குச் செம்மண் கட்டி வைப்பது இன்றும் பயன்படும் முறையே.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய துளைக்குழாய்ப் பொறி ஒன்றுண்டு. தானியத்தினுள் அதைச் செருகி வைத்தால் காற்றை நாடும் வண்டுகள் துளை வழியே நுழைந்து அடியிலுள்ள கூம்பில் விழும். வண்டு வந்ததை முன்கூட்டியே அறிந்து மீண்டும் வெயிலில் உலர்த்தலாம்.

ஒன்றை மட்டும் நினைவிற் கொள்க. தரைமேல் நிற்கும் மண் குதிர் வெள்ளத்தில் கரையும். ஆற்றோர ஊர்களில் மூடியுள்ள தகரக் கொள்கலனை உயரத்தில் வைப்பதே தக்கது. எவ்வளவு உயரம்? 2015-இல் வெள்ளம் சுவரில் விட்டுச்சென்ற கறையே அளவு.

மூன்று நாள் கணக்கு

ஐவர் கொண்ட குடும்பத்திற்கு மூன்று நாளைக்கு, அடுப்பின்றி உண்ணத்தக்கதாக, அவல் 3 கிலோ, பொட்டுக்கடலை 1 கிலோ, வெல்லம் 1 கிலோ, வறுத்தரைத்த சத்துமாவு 1 கிலோ, உப்பு, ஊறுகாய் ஆகியவற்றைத் தனியே கட்டி வைக்கலாம். அடுப்பு மூட்ட வழியிருந்தால் அரிசி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், சுண்டைக்காய், மணத்தக்காளி வற்றல் ஆகியவை உதவும். ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் வீதம் 45 லிட்டர் குடிநீரை மூடிய குடங்களில் உயரே வைத்தல் வேண்டும். தாய்ப்பாலுண்ணும் குழந்தைக்குத் தாய்ப்பாலே காப்பு; ஆதலின் தாய்க்கு முதலில் உணவளியுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க இயலாதோர் ஆடி மாதம் தொடங்கி வாரத்திற்கு ஒன்றாகச் சேர்க்கலாம். பொங்கல் கழிந்ததும் அவற்றை உண்டு தீர்த்து, அடுத்த ஆண்டுக்குப் புதியன சேர்க்க. மழை நாளில் உண்ணும் முறையும் உண்டு: முதலில் கீழறை, பிறகு பிரீஸர், கடைசியிற் பரண். வெள்ள நீர் பட்ட உணவு எதுவாயினும் எறிந்துவிடுக. அந்நீரில் சாக்கடையும் கலந்திருக்கும்.

ஊராட்சியின் கடமை

மாடி வீடுள்ளவர்க்குப் பரண் உண்டு. ஓட்டு வீட்டிலும் குடிசையிலும் வாழ்வோர் எங்கே வைப்பர்? வேலை தேடி வந்து கொட்டகையில் தங்கியிருக்கும் வெளியூர்த் தொழிலாளர் எங்கே வைப்பர்? இங்கேதான் ஊராட்சி வேண்டப்படுகிறது. அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் அமைந்த நல்ல நாள் அது. தாழ்ந்த தெருக்கள் எவை, கருவுற்றோர், கைக்குழந்தைகள், தனித்து வாழும் முதியோர் யாவர் என்னும் பட்டியலை அன்று படியுங்கள். அவர்களுடைய உணவு டப்பாக்களைப் பெயரெழுதி வைக்கப் பள்ளி மாடியிலோ, இசையும் அண்டை வீட்டு மாடியிலோ இடம் குறியுங்கள். சத்துமாவு அரைக்கும் பணியை மகளிர் குழுவினர் ஏற்கட்டும்.

அன்று எம் பசியை ஆற்றிய டப்பா மிகச் சிறியது. ஆயினும் அதை வைத்திருந்தவர் வெள்ளம் வருமுன்பே அதைப் பரணில் ஏற்றியிருந்தார். குளிர்சாதனப் பெட்டியும் இருக்கட்டும், பரணும் நிறையட்டும். ஐப்பசி பிறக்கும் முன் ஒவ்வொரு வீட்டிலும் இது நிறைவேற வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமைகிறோம்.