திருத்திய பின்னும் ஒரு சோதனை



கொல்கத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் கரியாஹாட் கடைவீதியில் புடவை வாங்காத குடும்பம் அரிது. துர்க்கா பூஜைக்கு முந்திய வாரங்களில் அந்நடைபாதையில் தோளோடு தோள் இடியாமல் நடக்க இயலாது. அந்நெரிசலிலும் நம் பெண்மணிகள் தாந்த் புடவையைக் கடை வாயிலுக்குக் கொணர்ந்து, பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பர். ஈரக் கைக்குட்டையால் கரையைத் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று நோக்குவர். கடைக்காரர் முகம் சுளித்தாலும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. எங்கள் தொழிலும் ஏறக்குறைய அத்தகையதே.

நாங்கள் நால்வர். அக்கடைவீதியை அடுத்த சந்தொன்றில் ஒரே வீட்டில் குடியிருந்து, மென்பொருள்களைச் சோதிக்கும் பணி செய்கிறோம். சர்வர்கள் எனப்படும் வழங்கிக் கணிப்பொறிகளை மேலாண்மை செய்யும் மென்பொருள் ஒன்று எங்கள் பொறுப்பில் உள்ளது. மருத்துவமனையின் நோயாளர் ஏடு, பள்ளியின் மதிப்பெண் பட்டியல், வணிகரின் கணக்கு ஆகிய யாவும் இன்று ஏதோவொரு சர்வரிலேயே இருக்கின்றன. சர்வர்கள் நூற்றுக்கணக்கில் பெருகும்போது, ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் ஆளை அமர்த்த முடியுமா? நின்றுபோன பணியை மீண்டும் தொடங்குவதும், வட்டில் இடம் குறைவதைக் கண்டு சொல்வதும், இரவுதோறும் காப்புப் பிரதி எடுத்து வைப்பதும் இம்மென்பொருளின் வேலைகள். ஜோஹோ நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் என்னும் தொகுதி இவ்வகையைச் சார்ந்தது. அது தமிழ்நாட்டிலிருந்து உலகெங்கும் செல்வது நமக்குப் பெருமையே. நாங்கள் சோதிப்பது வேறொன்று. எதுவாயினும், சாவிக்கொத்து முழுவதும் இதனிடம் இருப்பதால், இது தவறினால் ஒரு வீடன்று, தெருவே திறந்து கிடக்கும்.

புதிய வசதி ஒன்றைச் சேர்க்கும்போது எல்லாரும் அஞ்சுவர்; பன்முறை சோதிப்பர். பிழை திருத்தம் என்றாலோ, "நான்கு வரிதானே!" என்பர். அந்த நான்கு வரிகளே எங்களை உறங்கவொட்டாமல் செய்பவை. பிழை நீங்கியதா என்று காண்பது எளிது. முன்பு சரியாக இருந்தது இப்போதும் சரியாக இருக்கிறதா என்று காண்பதே கடினம். எனவே, பழைய சோதனைகள் அனைத்தையும் இரவில் மீண்டும் ஓடவிடுகிறோம். அதுவும் போதாது. புதிதாய் நிறுவிய கணிப்பொறி துடைத்த பலகை போன்றது. அதில் எதுவும் நன்றாகவே ஓடும். பயனாளரிடம் இருப்பதோ, மூன்று நான்கு பதிப்புகளுக்கு முன்பு நிறுவி, மேன்மேலும் ஒட்டுப் போட்ட கணிப்பொறி. ஆகவே, பழைய பதிப்புகளையும் பாதுகாத்து வைத்திருந்து, அவற்றின்மேல் திருத்தத்தை ஏற்றிப் பார்க்கிறோம். இடையில் வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்துவதும் உண்டு.

2024ஆம் ஆண்டுப் பூஜைக் காலத்தில் நேர்ந்ததைச் சொல்கிறோம். வட்டில் இடம் தீர்ந்தால், காப்புப் பிரதி எடுப்பது எவ்வித அறிவிப்பும் இன்றி நின்றுவிடும் என்பது அப்போதைய பிழை. பிரதி இருக்கிறது என்று நம்பியிருப்பவரிடம் பிரதி இராது. திருத்தம் வந்தது: இடம் போதாவிடில் கெடு முடிந்த பிரதிகளை முதலில் நீக்குக, அப்போதும் போதாவிடில் எச்சரிக்கை அனுப்புக. பஞ்சமிக்கு முன் வெளியிட்டுவிட வேண்டும் என்பது மேலிடத்து விருப்பம். பூஜை தொடங்கிவிட்டால் அலுவலகத்தில் ஆளிராது.

திருதியை இரவில், மிகப் பழைய பதிப்பொன்றின்மேல் ஏற்றிப் பார்த்தோம். அப்பதிப்பில், பிரதிகளை எத்தனை நாள் வைத்திருப்பது என்னும் இடத்தை வெறுமையாக விட்டால், எதனையும் அழிக்காதே என்று பொருள். திருத்திய நிரலோ வெறுமையைப் பூஜ்யம் என்று கொண்டது. பூஜ்யம் நாள் என்றால் எல்லாமே கெடு முடிந்தவை! எங்கள் சோதனைக் கணிப்பொறியில் இருந்த பிரதிகள் ஒன்றுவிடாமல் மறைந்துபோயின. இழந்தவை வெற்றுத் தாள்களுக்கு ஒப்பானவைதாம். எனினும் சற்று நேரம் எங்களுள் எவருக்கும் பேச நா எழவில்லை.

வெளியீட்டை நிறுத்துமாறு கேட்டோம். வாதம் எழுந்தது. நாள் தள்ளிப்போகுந்தோறும் பழைய பிழையால் பிரதியின்றி இருப்போர் கதி என்ன என்று வினவினர். அவ்வினா நியாயமானதே. அதற்கு முழு விடை எங்களிடம் இல்லை.

அவ்வாண்டு ஜூலை 19ஆம் நாள் நிகழ்ந்ததை எவரும் மறந்திருக்கவில்லை. அன்று காலை, இந்திய நேரப்படி 9 மணி 39 நிமிடத்துக்கு, அமெரிக்காவின் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்குச் சிறு கோப்பொன்றை அனுப்பிற்று. 78 நிமிடங்களில் அதனை மீட்டுக்கொண்டது. அதற்குள், மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் செயலிழந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகள் சிலருக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். 21 உள்ளீடுகளை எதிர்பார்த்த இடத்தில் 20 மட்டுமே வந்தன என்பதே காரணம். கோப்பைச் சரிபார்க்க வேண்டிய நிரலிலும் குறை இருந்தமையால், அது ஒப்புதல் அளித்துவிட்டது. முதலில் சிலருக்கு அனுப்பிப் பாராமல் எல்லாருக்கும் ஒருசேர அனுப்பியதால் கேடு பெருகிற்று. பல கணிப்பொறிகளை ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்ய நேர்ந்தது.

முடிவில் எங்கள் சொல் ஏற்கப்பட்டது. வட்டில் இடம் உள்ளதா என்று தாமே பார்த்துக்கொள்ளுமாறு பயனாளர்க்கு அன்றிரவே மடல் சென்றது. திருத்தத்தைத் திருத்த ஒரே வரி போதுமாயிருந்தது; ஆயின் எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து ஓட்ட இரண்டு இரவுகள் ஆயின. சஷ்டியன்று, விரும்பிக் கேட்ட சிலருக்கு மட்டும் அனுப்பினோம். நண்பர் மூவர் ஏக்டாலியா எவர்கிரீன் பந்தலின் விளக்கொளியைக் காணச் சென்றனர். ஒருவர் திரைமுன் அமர்ந்திருந்தார். ஏனையோர்க்கு லட்சுமி பூஜை கழிந்த பின்னரே அனுப்பினோம்.

இடையில் ஒரு பயனாளரிடமிருந்து சினங்கொண்ட மடலொன்று வந்தது. எங்கள் மடலைக் கண்டு பார்த்தபோது, பன்னிரண்டு நாள்களாகத் தமக்குப் பிரதியே எடுக்கப்படவில்லை என்று அறிந்தாராம். இன்னும் சில நாள் பொறுக்குமாறு அவருக்கு எழுதினோம். அவர் அதற்கு விடை எழுதவில்லை.