பழைய பேப்பரும் ஒரு கோப்பை மாவும்

(தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் ஒரு தாய் அடுப்புப் பற்ற வைக்க மூலையில் கிடந்த பேப்பர் உருண்டையை எடுத்து வைத்துவிட்டார். அது பத்தாம் ஆண்டு படிக்கும் அவருடைய மகள் சித்திரப் பாடத்துக்காக மூன்று நாளாகச் செய்த உருவம். பிள்ளை அழுதுகொண்டு எங்களிடம் வந்தாள். நாங்கள் என்ன சொன்னோம்? "படிக்கிற பிள்ளைக்கு இந்த விளையாட்டு எதுக்கு?" என்றுதான். அது எங்கள் பிழை. அதைச் சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

இதற்குப் பெரிய செலவில்லை. பழைய பத்திரிகைத் தாளைக் கிழித்து ஓர் இரவு தண்ணீரில் ஊறப் போட வேண்டும். மறுநாள் கூழாகப் பிசைந்து, பிழிந்து, பசையோடு சேர்க்க வேண்டும். ஒரு கோப்பை கோதுமை மாவுக்கு ஐந்து கோப்பை தண்ணீர் விட்டுக் காய்ச்சினால் பசை சரி. கொஞ்சம் உப்புப் போட்டால் பூஞ்சணம் குறையும். உள்ளுக்கு எலும்பு மாதிரி பழைய கம்பி. அதன்மேல் கூழை மெல்லிசாக அப்பி, காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. நம்ம மலைப் பனிக்கு ஒரே தடவையில் தடிப்பாக அப்பினால் உள்ளே ஈரம் நின்று பழுதாகிப் போகும். அடுப்புக்குப் பக்கத்தில் காய வைக்கலாம், அடுப்புக்குள்ளே அல்ல!

இந்தியாவில் சண்டிகர் நகரத்தில் நேக் சந்த் என்று ஒருவர் இருந்தார். வீதிப் பரிசோதகர் உத்தியோகம். 1950களின் கடைசியிலிருந்து, வேலை முடிந்த நேரத்தில் உடைந்த வளையல், பீங்கான் துண்டு எல்லாம் பொறுக்கி ஒளிவு மறைவாகச் சிலைகள் செய்தார். 1976இல் அந்த இடம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அவர் 2015இல் காலமானார். குப்பை என்று மற்றவர்கள் எறிந்ததைப் பார்க்க இன்றும் சனம் போகிறது.

நம்ம பிள்ளையும் மறுபடி செய்தாள். கூடை சுமக்கும் ஒரு பெண். தாய் பார்த்துவிட்டு, "கயிறு நெத்தியில இல்ல பிள்ள, உச்சியில வரணும். கழுத்து கொஞ்சம் முன்னுக்குக் குனியணும்" என்றாராம். இருபது வருடம் சுமந்தவரை விட அதை யார் சொல்ல முடியும்?

ஆகவே பேப்பரை எரிக்க முன் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மழை ஒழுகாத ஒரு மூலையைக் கொடுங்கள். எங்கள் காரியாலயத்தில் சேரும் பழைய பேப்பரை இனிப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்போம்.