எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தீங்க?

போன எபிசோடு கேட்டுட்டு நிறைய பேர் ஒரே கேள்விதான் அனுப்பியிருந்தீங்க: "அக்கா, எம்எஸ்சி பிசியாலஜி முடிக்கப் போறேன். பிஎச்டி பண்ண என்னெல்லாம் வேணும்?"

முதல்ல காகிதத்துல இருக்கறதைச் சொல்லிடறேன். இப்போ நாம பார்க்க வேண்டியது யுஜிசி 2022 நவம்பர்ல வெளியிட்ட பிஎச்டி விதிமுறைகள். முதுகலையில 55 சதவீதம் வேணும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதம் சலுகை இருக்கு. நெட் அல்லது நுழைவுத் தேர்வு, அப்புறம் இன்டர்வியூ. யுஜிசி நெட்ல பிசியாலஜின்னு தனிப் பாடம் கிடையாது. நம்ம ஆளுங்க பெரும்பாலும் சிஎஸ்ஐஆர் நெட்ல லைஃப் சயின்சஸ் எழுதுவாங்க, இல்லேன்னா ஐசிஎம்ஆர் ஜேஆர்எஃப். சேர்ந்த பிறகு குறைஞ்சது 12 கிரெடிட் கோர்ஸ்வொர்க். மூணு வருஷத்துக்கு முன்னாடி முடிக்க முடியாது. ஆறு வருஷம் வரைக்கும் போகலாம், மறுபதிவு பண்ணா இன்னும் ரெண்டு, பெண்களுக்கு அதுக்கு மேலயும் ரெண்டு. கடைசியா தீசிஸ், வெளியில இருந்து குறைஞ்சது ரெண்டு எக்ஸாமினர், வைவா.

நான் 2018ல சேர்ந்தப்போ ஜர்னல்ல ஒரு பேப்பரும் ரெண்டு கான்ஃபரன்ஸும் கட்டாயம். 2022 விதியில அது இல்லை. சந்தோஷப்படறதுக்கு முன்னாடி உங்க பல்கலைக்கழகத்தோட சொந்த விதிகளை ஒரு தடவை படிச்சிடுங்க. அவங்க அதை விடாம வச்சிருக்கலாம்.

இந்தப் பட்டியல்ல ஒண்ணை வேணும்னே விட்டுட்டேன். ரிசர்ச் அட்வைசரி கமிட்டி, சுருக்கமா ஆர்ஏசி. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை இவங்க முன்னாடி நம்ம வேலையைக் காட்டணும். எங்க டிபார்ட்மென்ட்ல ஆர்ஏசின்னா பிஸ்கட், டீ, கையெழுத்து. சில தடவை மீட்டிங்கே நடக்காது. ஃபைலைத் தூக்கிட்டு ஒவ்வொரு ரூமா போய்க் கையெழுத்து வாங்கிட்டு வருவேன். சார்கிட்ட கேட்டா, "ஃபார்மாலிட்டிமா, விடு"ன்னுவார். எனக்கும் அது வசதியாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல.

என் தலைப்பு, நாள்பட்ட மன அழுத்தம் எலிகளோட உடம்புல என்ன பண்ணுதுங்கறது. விஸ்டார் எலிகள், மொத்தம் 48. எலியைத் தொடறதுக்கே கல்லூரியோட விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி வேணும். ஏன் எலி, ஏன் இத்தனை, வலியை எப்படிக் குறைப்பேன்னு எல்லாத்தையும் எழுதிக் கொடுக்கணும். 48னு அனுமதி வாங்கினா 48தான், 49வது கிடையாது. மனுஷங்களை வச்சு ஆராய்ச்சின்னா அதுக்கு வேற எத்திக்ஸ் கமிட்டி.

ரிசல்ட் அழகா வந்துச்சு. அழுத்தம் கொடுத்த எலிகள்ல கார்டிகோஸ்டீரோன் எகிறியிருந்துச்சு. நான் பாதி தீசிஸை மனசுக்குள்ள எழுதியே முடிச்சிட்டேன். கோவிட் முடிஞ்சு 2021ல ஒரு ஆர்ஏசி உண்மையிலேயே நடந்தது, ஏன்னா கமிட்டிக்குப் புதுசா ஒரு மேடம் வந்திருந்தாங்க. கிராஃபை ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க: "எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தீங்க?"

காலையில கன்ட்ரோல் குரூப்புக்கு எடுத்தேன். அதை முடிச்சுட்டு மதியத்துக்கு மேல அழுத்தம் கொடுத்த குரூப். ஒத்த ஆளா வேலை செஞ்சதால அப்படி.

எலி ராத்திரியில நடமாடற பிராணி. அதுக்கு இந்த ஹார்மோன் காலையில குறைவா இருக்கும், சாயங்காலம் இருட்டப் போற நேரத்துல ஏறும். நமக்குக் கார்டிசால் விடியற்காலையில ஏறுதே, அதுக்கு நேர் எதிர். எம்எஸ்சி பாடத்துலேயே இருக்கு, பரீட்சையில எழுதியிருக்கேன். அப்போ நான் அளந்தது அழுத்தமா, இல்ல வெறும் கடிகாரமா? சொல்ல முடியல. சார் ஜன்னல் பக்கம் பார்த்துட்டிருந்தார்.

அந்த 48 எலியும் வீண். இதை எப்பவும் இப்படியேதான் சொல்லணும்னு வச்சிருக்கேன், "டேட்டா வீண்"னு சொன்னா கொஞ்சம் சௌகரியமா ஆயிடுது.

திரும்ப எத்திக்ஸ் குழுவுக்கு எழுதினேன். ஏன் மறுபடி எலிகள் வேணும்ங்கற கட்டத்துல, ரத்தம் எடுக்கும் நேரத்தைக் கட்டுப்படுத்தத் தவறிவிட்டேன்னு என் கையாலேயே எழுதினேன். குழு கூடணும், ஒரே வயசு எலிகள் கிடைக்கணும், வாரக்கணக்குல அழுத்தம் கொடுக்கணும். பதினோரு மாசம் போச்சு. இந்தத் தடவை ரெண்டு குரூப்புக்கும் கலந்து, காலை ஒன்பதுல இருந்து பதினொண்ணுக்குள்ள மட்டும் எடுத்தேன், ஒரு ஜூனியரைத் துணைக்கு வச்சுக்கிட்டு. வித்தியாசம் இருந்துச்சு. முன்னாடி வந்ததைவிட ரொம்பச் சின்னதா.

ஜேஆர்எஃப், எஸ்ஆர்எஃப் சேர்த்து அஞ்சு வருஷம்தான் காசு வரும். எனக்கு 2023 ஆகஸ்ட்ல நின்னுடுச்சு. தீசிஸ் கொடுத்தது 2024 ஜூலை. நடுவுல நீட் பசங்களுக்கு பயாலஜி ட்யூஷன் எடுத்தேன். அப்பாகிட்ட ஹாஸ்டல் ஃபீஸ் கேட்டப்போ எனக்கு 29 வயசு. அவர் ஒண்ணும் சொல்லல, அனுப்பிட்டார்.

யாரு தப்புன்னு கேட்டா, முதல்ல என் தப்பு. ஆனா முதல் வருஷத்துலேயே ஒரு மீட்டிங் ஒழுங்கா நடந்திருந்தா, எலியைத் தொடறதுக்கு முன்னாடியே அந்தக் கேள்வி வந்திருக்கும்.

அதனால கைடைப் பார்க்கப் போறதுக்கு முன்னாடி அவர்கிட்ட இப்போ இருக்கற ஸ்காலர்ஸைப் பாருங்க. பேராசிரியர்னா எட்டு பேர், அசோசியேட்னா ஆறு, அசிஸ்டென்ட்னா நாலு பேர் வரைக்கும்தான் வச்சுக்கலாம், அதனால தேடறது கஷ்டமில்ல. "கடைசி ஆர்ஏசியில உங்ககிட்ட என்ன கேட்டாங்க?"ன்னு கேளுங்க. சிரிச்சாங்கன்னா கவனிச்சுக்கோங்க. இதை நேர்லதான் கேட்கணும், வாட்ஸ்அப்ல யாரும் எழுத மாட்டாங்க.

அடுத்த வாரம் வைவா பத்திப் பேசலாம். வரேன்.