அளவு காணாத உடுப்பு

(பசறைப் பக்கத் தோட்டமொன்றின் பிள்ளை மடுவத்தில், மாதர் கூட்டத்தில் பேசியது)



இன்றைக்குச் சம்பளப் பேச்சு இல்லை. உடுப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிரிக்க வேண்டாம், இதுவும் சங்கத்து விஷயந்தான்.

எங்கள் பாடசாலையில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மாசி மாதத்தில் வராமல் நின்றது. காய்ச்சலாக்கும் என்று நினைத்தோம். லயத்துக்குப் போய்க் கேட்டபோது தாய் சொன்னார்: கவுன் நெஞ்சில் பிடிக்கிறது, பையன்கள் பார்க்கிறார்கள், பிள்ளை வரமாட்டேன் என்கிறது. முந்திய வாரந்தான் காலைக் கூட்டத்தில் உடுப்புச் சரியில்லை என்று அவளை வரிசைக்கு வெளியே நிறுத்தியிருந்தோம். நிறுத்தியது நாங்கள்தான். அதைச் சொல்லாமல் இங்கே பேச எங்களுக்கு வாய் வரவில்லை.

1993இலிருந்து அரசாங்கம் சீருடைத் துணியை இலவசமாகத் தருகிறது. 2025இல் அந்தத் துணி முழுவதையும் சீனா அன்பளிப்பாகக் கொடுத்தது. நல்லதுதான். ஆனால் துணி வகுப்பைப் பார்த்து அளந்து வருகிறது, பிள்ளையைப் பார்த்து வருவதில்லை. தையல் கூலியும் கூட வருவதில்லை. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்தக் கூலிக்கு எத்தனை பேர் போட வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அரைப்பேர் விழுந்த மாதம் என்றால் கேட்கவே வேண்டாம்.

அந்தக் கவுனை என்ன செய்தோம்? கார்மெண்டில் ஜூக்கி மெஷின் ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய தங்கச்சி ஒருத்தியிடம் கொடுத்தோம். கையின் அடித் தையலோடு சேர்த்து இரண்டு பக்கத் தையலையும் இடுப்புக்குக் கீழே வரை பிரித்தாள். அண்ணனின் பழைய வெள்ளைச் சட்டையின் முதுகை வெட்டினாள். காலர் கிழிந்தாலும் முதுகுத் துணி கெட்டியாகத்தான் இருக்கும். அதில் பக்கத்துக்கு இரண்டு விரல் அகலத் துண்டு வைத்துத் தைத்தாள். அதற்கு முன் சட்டையையும் கவுனையும் ஒன்றாக நீலம் போட்டு அலசிவிட்டாள். இல்லாவிட்டால் இரண்டு வெள்ளையும் இரண்டு நிறமாகத் தெரியும். கீழ் மடிப்பை அவிழ்த்தபோது பழைய கோடு மண்நிறமாக நின்றது. அதன்மேல் சின்னதாக ஒரு மடிப்புப் பிடித்துத் தைக்க, கோடு மறைந்தது. திங்கட்கிழமை பிள்ளை வந்தது.

இந்த வேலை நமக்குப் புதிதில்லை. உரப் பையைப் பிரித்துப் படங்காகக் கட்டியவர்கள் நாம், பழைய சேலையில் தொட்டில் கட்டியவர்கள் நாம். நமக்குப் பிரித்துத் தைக்கத் தெரியும் என்பதற்காக, தர வேண்டியவர்கள் தராமல் இருந்துவிட முடியாது. படங்கும் மழைக்கோட்டும் நிர்வாகத்திடம் கேட்பதைச் சங்கம் நிறுத்தாது. தையல் கூலியையும் சேர்த்துத் தரச்சொல்லிக் கல்வி அமைச்சுக்கு மனு எழுதியிருக்கிறோம். அதோ மேசையில் இருக்கிறது, கையெழுத்துப் போடாமல் போகாதீர்கள்.

மனுவுக்குப் பதில் வரும்வரை பிள்ளை லயத்தில் குந்தியிருக்க முடியாதே. வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, பெட்டியில் கிடக்கும் சின்னதாகிப்போன உடுப்பையும் பழைய வெள்ளைச் சட்டைகளையும் இங்கே கொண்டுவாருங்கள். புதுத் துணி தைக்கக் கொடுக்கிறவர்கள் கீழ் மடிப்பில் நாலு விரலும் பக்கத் தையலில் ஒரு விரலும் விடச் சொல்லுங்கள். யாருடைய உடுப்பு யாருக்குப் போனது என்று எவரும் பேசக்கூடாது, ஆசிரியர்கள் எங்களையும் சேர்த்துத்தான்.

அண்ணன்மாரே, பிளேடு பிடித்துத் தையல் பிரிக்க உங்களுக்கும் கை இருக்கிறது. மெஷின் இரண்டு உண்டு. ஒன்றின் பெல்ட் தளர்ந்துவிட்டது. பார்க்கத் தெரிந்தவர் கொஞ்சம் முன்கூட்டி வாருங்கள்.