பழைய டிராக்டர் வாங்கப் போகும் தோழர்களுக்கு

(நெய்வேலியில் விவசாயத் தொழிலாளர் வகுப்பில் பேசியதன் சாரம்)



சுரங்கத்திற்கு நிலத்தைக் கொடுத்து நஷ்டஈடு பெற்றவர்களும், அறுவடைக் கூலியில் மிச்சம் பிடித்தவர்களும், "நாலைந்து பேர் கூட்டாகப் பழைய டிராக்டர் வாங்கி வாடகைக்கு ஓட்டலாமா?" என்று நம்மிடம் கேட்கிறார்கள். ஓட்டலாம். பணக்காரர் ஒருவர் சொன்னதே உழவு வாடகை என்றிருக்கும் ஊரில் அது நல்ல காரியமே. 1956-இல் சோவியத் நாடு கொடுத்த இயந்திரங்களைக் கொண்டு ராஜஸ்தானத்துச் சூரத்கரில் பெரிய அரசுப் பண்ணை எழுந்தது. அந்தப் பாக்கியம் நம் ஊர்களுக்கு வரவில்லை. ஆகவே நம் காசை நாமேதான் காக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது இயந்திரத்தை அல்ல, காகிதத்தை. 2016 மார்ச்சில் தஞ்சை மாவட்டம் ஒரத்தநாடு வட்டாரத்தில், டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீசார் அடித்து இழுத்துச் சென்ற காட்சியை நாடே பார்த்தது. விற்பவர் தவணை பாக்கி வைத்திருந்தால் ஜப்தி நம் வாசலுக்கு வரும்! ஆர்.சி. புத்தகத்தில் நிதிக் கம்பெனியின் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், கம்பெனி கையெழுத்திட்ட 35-ஆம் எண் படிவம் வராமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றுவதற்கான 29, 30 படிவங்களையும் அப்போதே வாங்குங்கள். சேசிஸ் எண்ணைத் துடைத்துப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தரகர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிறகு இயந்திரம். விடியற்காலையில், சொல்லாமல் போங்கள். என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாயிருந்தால் நமக்காக முன்பே கிளப்பி வைத்திருக்கிறார்கள். ஆறிய என்ஜினைக் கிளப்பினால்தான் குறை தெரியும். நீலப்புகை ஓயாமல் வந்தால் எண்ணெய் எரிகிறது. ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கும். எண்ணெய்க் கம்பியில் மோர்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இரண்டுமே பெருஞ்செலவு. கரும்புகைக்குப் பெரும்பாலும் காற்று வடிகட்டியோ இன்ஜெக்டரோ காரணம். அதற்கு மிரள வேண்டாம்.

நெல் வயலில் ஓடிய வண்டிக்குத் தனி நோய் உண்டு. கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் உழுதால் சேற்றுநீர் சீல் வழியாக அச்சுக்குள்ளும் பிரேக்குக்குள்ளும் புகும். பின்சக்கர ஓரம் கசிகிறதா பாருங்கள். செங்கல்லும் மண்ணும் இழுத்த வண்டியில் கிளட்ச் தேய்ந்திருக்கும். கலப்பையைத் தூக்கி நிறுத்தி என்ஜினை அணையுங்கள். ஒரு பீடி பிடிப்பதற்குள் அது தரையில் உட்கார்ந்தால் ஹைட்ராலிக்கில் வேலை இருக்கிறது. ஓடிய மணியைக் காட்டும் மீட்டரை மாற்றிவிடுவார்கள். வழவழத்துப்போன பெடலை மாற்ற யாருக்கும் தோன்றுவதில்லை. புதுப் பெயிண்டு அடித்த வண்டியில் அடியில் குனிந்து வெல்டிங் தழும்பைத் தேடுங்கள்.

இங்கேதான் சுரங்கத் தோழர்களுக்கு வேலை. 1957-இல் இங்கே சுரங்க வேலை தொடங்கியது; அன்றிலிருந்து எத்தனையோ ராட்சத இயந்திரங்களைப் பழுது பார்த்த கைகள் நம்முடையவை. நிரந்தரமோ ஒப்பந்தமோ, ஷிப்டு முடிந்த பிட்டர் ஒருவர் கூடப் போனால் தரகரின் வாய் பாதி அடைத்துவிடும். தொழிலாளி-விவசாயி ஒற்றுமை என்று மேடையில் பேசுகிறோமே, இதுவும் அதுதான்.

இன்னொன்று. வண்டி வந்த பிறகு, நடவுக்குப் போகும் பெண்களை டிரெய்லரில் ஏற்றாதீர்கள். கவிழ்ந்தால் உயிர் போகும்; இன்சூரன்ஸ் கம்பெனியும் கை விரிக்கப் பார்க்கும். வாங்கும் அன்றே யார் எவ்வளவு போட்டார் என்று எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள், ஆர்.சி. புத்தகம் ஒருவர் பெயரில்தான் இருக்கப்போகிறது.