விளைச்சலைப் பார்க்காத வரிகள்



இன்று நாம் நினைவுகூரும் பெரியவர் கிராமக் கர்ணமாக வாழ்நாளைக் கழித்தவர். வயலில் இறங்கிப் பயிரைப் பார்க்காமல் அடங்கலில் ஓர் எழுத்துகூட எழுத மாட்டார் என்று ஊரார் இன்றும் சொல்கிறார்கள். அவர் பெயரால் நடக்கும் சொற்பொழிவுக்கு வரலாற்றின் விசித்திர வரிகளைப் பொருளாக எடுத்துக்கொண்டேன். பயிரைப் பார்க்காமல் எழுதப்பட்ட கணக்குகளின் கதைதான் அது.

பல்லவர் செப்பேடுகளில் தறிக்கு இறை உண்டு. செக்குக்கு இறை உண்டு. குயவர் கொடுத்தது குசக்காணம். வண்ணார் துணி துவைக்கும் பாறைக்கும் ஒரு கட்டணம். கள் இறக்குவோருக்கு ஈழம்பூட்சி. கல்யாணம் நடந்தால் கண்ணாலக் காணம். இவற்றில் பலவும் நமக்குத் தெரியவந்தது விலக்குப் பட்டியல்களால்தான். ஓர் ஊரைத் தானமாகக் கொடுக்கும்போது, இன்னின்ன வரிகள் இனி இவ்வூரில் இல்லை என்று எழுதி வைத்தார்கள். அதனால் அவற்றின் பெயராவது பிழைத்தது.

இன்று படிக்கும்போது இவை வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அரசின் இடத்தில் நின்று பாருங்கள். யாருக்கு எவ்வளவு வருமானம் என்று அறிய அதற்கு வழி இல்லை. தறியை ஒளித்து வைக்க முடியாது. செக்கு ஊரறிய நிற்கிறது. கல்யாணம் மேளத்தோடு நடக்கிறது. கண்ணில் பட்டதை, எண்ண முடிந்ததை அரசு எண்ணியது. உலகத்தின் விசித்திர வரிகள் பலவும் இப்படித்தான் பிறந்தன. எண்ணப்பட்ட பொருளுக்கும் அந்த மனிதனின் கொடுக்கும் சக்திக்கும் உறவு அறுந்த இடத்தில் மக்களின் கோபமும் பிறந்தது.

இதை நான் சொல்வதைவிடக் காவிரிக்கரை உழவர்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆண்டு 1429, விஜயநகரத்தில் இரண்டாம் தேவராயர் ஆட்சி. திருவைகாவூர் உள்ளிட்ட ஊர்களின் கோயில் சுவர்களில், வலங்கை 98, இடங்கை 98 ஆகிய இரு சாதிப் பிரிவினரும் கூடி எடுத்த முடிவுகள் வெட்டப்பட்டிருக்கின்றன. தங்களுக்குள் ஓயாமல் மோதிக்கொண்ட இரு பிரிவினர் ஒன்றாக உட்கார்ந்தார்கள் என்பதே பெரிய செய்தி. அரசு அதிகாரிகளும் பிராமண, வேளாள நிலவுடைமையாளர்களும் செய்த வரிக் கொடுமையால் ஊரைவிட்டு ஓடும் நிலைக்கு வந்துவிட்டோம், நாங்கள் ஒன்றுபடாததால்தான் இந்த அநியாயம் நடந்தது என்கிறார்கள். அந்த அதிகாரிகளுக்கும் நிலவுடைமையாளர்களுக்கும் எவனும் கணக்கெழுதக் கூடாது, துணைபோனால் தண்டனை என்கிறார்கள். நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இக்கல்வெட்டுகளை நுணுகி ஆராய்ந்திருக்கிறார்கள்.

என்னை நிறுத்தி வைத்த செய்தி வேறொன்று. வரியே தர மாட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை. விளைச்சலுக்கு ஏற்றதைத் தருவோம், நியாயமில்லாததைத் தர மாட்டோம் என்றார்கள். எந்த வரி எவ்வளவு என்று தாங்களே விகிதமும் வகுத்தார்கள். குடியானவன் வரி கொடுக்க விரும்பாதவன் என்று ஆட்சியாளர்கள் எல்லாக் காலத்திலும் சொல்லி வந்திருக்கிறார்கள். அதற்கு மறுப்பு இந்தச் சுவர்களில் இருக்கிறது.

இனி இங்கிலாந்து. அங்கே 1662இல் அடுப்பு வரி வந்தது. வீட்டுக் கணப்பு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங். கணப்பை எண்ண வேண்டுமானால் வீட்டுக்குள் நுழைய வேண்டும். தொகையைவிட அந்த நுழைவுதான் மக்களைக் கொதிக்க வைத்தது. 1689இல் மூன்றாம் வில்லியமும் மேரியும் அதை நீக்கியபோது, முன்பின் தெரியாதவர்கள் எவர் வீட்டிலும் புகுந்து சோதனையிட இடம் தருவது மக்கள்மேல் குத்திய அடிமை முத்திரை என்ற கருத்தைச் சட்டத்திலேயே எழுதினார்கள்.

ஆனால் பணம் வேண்டியிருந்தது. நாணயங்களின் விளிம்பை வெட்டித் திருடியதால் தேய்ந்துபோன வெள்ளிக்காசுகளை மீண்டும் வார்க்கும் செலவு வேறு தலைக்குமேல் நின்றது. 1696இல் சன்னல் வரி வந்தது. இதற்கு யாரும் வீட்டுக்குள் போக வேண்டாம். தெருவில் நின்றே எண்ணிவிடலாம். பழைய புகாரைத் தீர்க்க வந்த வரி என்றுகூடச் சொல்லலாம். வீட்டுக்கு 2 ஷில்லிங். 10 முதல் 20 சன்னல்வரை இருந்தால் மேலும் 4 ஷில்லிங். 20க்கு மேல் போனால் 8.

1747இல் முறை மாறியது. 10 முதல் 14 சன்னல் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 6 பென்ஸ், 15 முதல் 19 வரை 9 பென்ஸ், 20ம் அதற்கு மேலும் 1 ஷில்லிங். கணக்குப் போட்டுப் பாருங்கள். 14 சன்னல் வீட்டுக்கு 7 ஷில்லிங். ஒரே ஒரு சன்னல் கூடினால் 11 ஷில்லிங் 3 பென்ஸ். பதினைந்தாவது சன்னலை யார் வைப்பார்கள்? வாலஸ் ஓட்ஸ், ராபர்ட் ஷ்வாப் என்ற பொருளியலாளர்கள் அக்காலப் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, 9, 14, 19 சன்னல் வைத்த வீடுகள் வழக்கத்துக்கு மாறாகக் குவிந்திருப்பதைக் கண்டார்கள். செங்கல் வைத்து அடைத்த சன்னல்களை இன்றும் அந்நாட்டுப் பழைய வீடுகளில் பார்க்கலாம்.

நாட்டுப்புறத்தில் 10 பவுண்டு வாடகை பெறும் வீட்டுக்கு, லண்டனில் 500 பவுண்டு வாடகை பெறும் வீட்டைவிட அதிகச் சன்னல் இருக்கக்கூடும் என்று ஆடம் ஸ்மித் 1776லேயே எடுத்துக்காட்டினார். செல்வத்தை அளப்பதாகச் சொன்ன வரி சுவரில் உள்ள துளைகளை அளந்தது. அதைவிடக் கொடியது நகரங்களில் நடந்தது. ஏழைகள் நெருக்கியடித்துக் குடியிருந்த, பல குடித்தனங்கள் கொண்ட ஒவ்வொரு கட்டடத்தையும் ஒரே வீடாகக் கணக்கிட்டார்கள். வரி கட்ட வேண்டியவர் கட்டட உரிமையாளர்; அவர் சன்னலை அடைத்தார். இருட்டிலும் புழுக்கத்திலும் கிடந்தவர்கள் குடித்தனக்காரர்கள். நோய் பரவுவதற்கு இதுவும் காரணம் என்று மருத்துவர்கள் பல ஆண்டுகள் வாதாடிய பிறகே, 1851இல் அந்த வரி ஒழிந்தது. காற்றையும் வெளிச்சத்தையும் 155 ஆண்டுகள் விலைக்கு விற்ற வரி அது.

நம் நாட்டிலும் பெண்களின் மாதவிடாய் அணையாடைக்கு 2017இல் 12 விழுக்காடு ஜிஎஸ்டி விதித்தார்கள். பெண்கள் எழுப்பிய குரலுக்குப் பின் 2018 ஜூலையில் விலக்களித்தார்கள். உடம்பின் தேவையை ஆடம்பரத்தின் பக்கத்தில் வைத்து எண்ணும் பழக்கம் பழங்கதையாகிவிடவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சன்னல் வரியை எடுக்கச் சொல்லி லண்டனில் வாதம் நடந்த அதே ஆண்டுகளில், அதே பிரிட்டிஷ் அரசு இலங்கையில் என்ன செய்தது? 1847இல் காப்பி விலை சரிந்தது, கருவூலம் வற்றியது. புதிதாக வந்த ஆளுநர் டொரிங்டன் பிரபு 1848இல் வரிசையாக வரிகளை அறிவித்தார். நாய் ஒன்றுக்கு ஆண்டுக்கு 1 ஷில்லிங். துப்பாக்கிக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ். கடைக்கு 1 பவுண்டு. இவற்றோடு சாலைச் சட்டம்: வயது வந்த ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 6 நாள் சாலையில் உழைக்க வேண்டும், இல்லையேல் 3 ஷில்லிங் கட்ட வேண்டும். முதலில் பௌத்த பிக்குகளுக்கும் விலக்கில்லை.

கண்டிச் சீமைக் குடியானவனுக்கு நாய் செல்லப்பிராணி அல்ல, வீட்டுக் காவல். துப்பாக்கி வேட்டை விளையாட்டுக்கு அல்ல. சேனை எனப்படும் காட்டு வேளாண்மைப் பயிரைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பாற்ற. அந்தச் சாலைகளோ காப்பித் தோட்டங்களைத் துறைமுகத்தோடு இணைக்கத் தேவைப்பட்டவை. மன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தே வந்து, வழியெல்லாம் காய்ச்சலிலும் காலராவிலும் செத்துவிழுந்த நம் தமிழ்க் கூலிகளின் உழைப்பில் வளர்ந்த தோட்டங்கள் அவை. தோட்ட முதலாளிகளுக்கோ காப்பி ஏற்றுமதித் தீர்வை நீக்கப்பட்டது. லண்டனில் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சராக இருந்த கிரே பிரபு, தேவைகள் குறைந்த வெப்பநாட்டு மக்களை உழைக்கத் தூண்ட நேரடி வரி நல்ல கருவி என்று கருதினார். சன்னல் வரி அறியாமையில் தவறியது. இலங்கையில் தெரிந்தே செய்தார்கள். மக்களின் வாழ்க்கையை மாற்றி அவர்களைக் கூலிக்குத் தள்ளுவதற்கு ஒரு வரி என்பதை என்னால் எந்த நியாயத்தோடும் பொருத்திப் பார்க்க முடியவில்லை.

ஜூலை 6ஆம் நாள் கண்டிக் கச்சேரி என்ற அரசு அலுவலகத்தின் முன் கூட்டம் திரண்டது. கொழும்பில் அயர்லாந்து மருத்துவரும் ‘கொழும்பு அப்சர்வர்’ ஆசிரியருமான கிறிஸ்டோபர் எலியட் வரிகளை எதிர்த்து எழுதினார். 26ஆம் நாள் அங்கும் மக்கள் கூடினார்கள். அம்மாத இறுதியில் தம்புள்ளையில், கிளர்ச்சித் தலைவர் கொங்காலேகொட பண்டாவுக்கு மன்னனாக முடிசூட்டினார்கள். மாத்தளைக் கச்சேரி தாக்கப்பட்டது. 29ஆம் நாள் ராணுவச் சட்டம் வந்தது. அக்டோபர் 10 வரை அது நீடித்தது. மற்றொரு கிளர்ச்சித் தலைவரான வீர புரன் அப்புவை ஆகஸ்ட் 8இல் கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். காவியுடையோடு ஒரு பிக்குவையும் கொன்றார்கள். மக்களில் ஏறத்தாழ 200 பேர் மாண்டதாக வரலாறு கூறுகிறது. அரசுப் படையில் காயம்பட்டவர் ஒரே ஒரு சிப்பாய். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் விசாரணைக்குழு வைத்தது. டொரிங்டன் 1850இல் பதவியிழந்து திரும்பினார்.

நாய் வரியையும் துப்பாக்கி வரியையும் கடை வரியையும் அரசு கைவிட்டது. சாலை வரியை மட்டும், பிக்குகளை விலக்கிவிட்டு, வைத்துக்கொண்டது. சில்லறை வரிகள் கொண்டுவந்தது கோபத்தை மட்டுமே. சாலை வரி உழைப்பையும் பணத்தையும் கொண்டுவந்தது. ஒரு நாள் உழைப்பை அரை ஷில்லிங்காக மதித்த அந்தக் கணக்கில், கூலிக்காரனும் பெருநிலக்காரனும் ஒரே தொகைக்கு ஆளானார்கள். 1848இல் சாலைக்கு அனுப்பப்பட்டவனின் பேரனும் அதே வரியைக் கட்டினான். 1920களின் தொடக்கத்தில் ஏ. ஈ. குணசிங்கவும் அவருடைய இளம் இலங்கைச் சங்கத்தினரும் செலுத்த மறுத்துப் போராடிய பிறகுதான் அது நீங்கியது.